பார்படோஸ் நாட்குறிப்பு: ஹேலியின் தீவில் ஐந்து நாள்

முதல் நாள்

விமானம் இறங்கும்போது மகள் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "அம்மா, இந்தப் பக்கமும் கடல், அந்தப் பக்கமும் கடல்" என்றாள். ஒரே பார்வைக்குள் தீவு அடங்கிவிடும் போலத்தான் இருந்தது. பார்படோஸின் நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23. விருதுநகரில் இருந்து மதுரைக்குப் போகிற தூரம்கூட இல்லை. மக்கள் தொகை சுமார் 2.8 லட்சம். மதுரை மாநகரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

இவ்வளவு சின்ன ஊருக்கு டொராண்டோவில் இருந்து ஐந்து மணி நேரம் பறந்து வந்ததற்குக் காரணம் ஒரு கிரிக்கெட் வீராங்கனை. ஹேலி மேத்யூஸ். 1998 மார்ச்சில் பிரிட்ஜ்டவுனில் பிறந்தவர், மேற்கிந்தியத் தீவுகள் பெண்கள் அணியின் தலைவர். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஆஃப் ஸ்பின் போடுகிறாள். 2023இல் பெண்கள் பிரீமியர் லீக் இறுதிப் போட்டியில் மும்பைக்காக ஹேலி நான்கு ஓவர் போட்டு, ஐந்தே ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்ததை எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று கணக்கே கிடையாது. ஏலத்தில் ஹேலிக்கு விழுந்த விலை 40 லட்சம் ரூபாய். அதே ஏலத்தில் ஸ்மிருதி மந்தனா 3.4 கோடிக்குப் போனார். அந்தத் தொடர் முடிந்தபோது தொடர் நாயகி விருது ஹேலி கையில் இருந்தது.

மகளுக்காக வந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி எனக்காக. சின்ன வயதில் அண்ணன்மாரோடு எங்கள் தெருவில் நானும் ஆடியிருக்கிறேன். லெக் சைடில் நன்றாக அடிப்பேன் என்று பேர் இருந்தது. பன்னிரண்டு வயதில் ஒருநாள் வீட்டில், "போதும், இனிமே உள்ளே இரு" என்று சொன்னார்கள். அன்றைக்குக் கீழே வைத்த மட்டைதான். ஹேலி பார்படோஸின் பெரியவர்கள் அணிக்கு முதன்முதலில் ஆடியதும் பன்னிரண்டு வயதில்தான். அப்படி ஒரு சிறுமியை மைதானத்துக்குள் விட்ட ஊர் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க வேண்டும் போல இருந்தது.

விமான நிலையத்தில் இருந்து டாக்சி. கரும்புத் தோட்டம் ரோட்டை ஒட்டி வந்துகொண்டே இருந்தது. மகளின் தொப்பியைப் பார்த்துவிட்டு ஓட்டுநர், "கிரிக்கெட்டா?" என்றார். ஹேலி பேரைச் சொன்னதும் அவர் ஸ்டீயரிங்கைத் தட்டி, "அது எங்க பொண்ணு" என்றார். சொந்தத் தங்கச்சி மகளைப் பற்றிச் சொல்கிற மாதிரி ஒரு குரல்.

தங்கியது தென்கரையில், வொர்திங் பக்கம், ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவரின் வீட்டு மாடியில். எழுபது வயதைத் தாண்டியவர். மகள் அவரைப் பாட்டி என்று கூப்பிடலாமா என்று கேட்டாள். அதன் பொருளைச் சொன்னதும் அவருக்கு ஏக சந்தோஷம். அன்று இரவு முதல் அவர் பாட்டி.

இரண்டாம் நாள்

மஞ்சள் மினிபஸ்ஸில் பிரிட்ஜ்டவுன். எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் மூன்றரை பார்படோஸ் டாலர். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், மொத்தப் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரு காலை வணக்கம் சொல்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் பதில் சொல்கிறார்கள். மூன்றாவது நிறுத்தத்துக்குள் மகளும் பதில் சொல்லப் பழகிவிட்டாள்.

கென்சிங்டன் ஓவலுக்கு வெளியே கேரி சோபர்ஸ் சிலை, மட்டையைச் சுழற்றி முடித்த நிலையில். 1930 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த முதல் டெஸ்ட் இங்கேதான். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த மைதானம் இப்போது வேறு காரணத்துக்காக மனப்பாடம். 2024 ஜூன் 29 அன்று டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் சூர்யகுமார் எல்லைக் கோட்டில் பிடித்த கேட்ச் இங்கேதான் நடந்தது. பழைய ஆட்களுக்கு 1962 நினைவுக்கு வரும். இந்த ஊர் ஆட்டத்தில்தான் இந்திய அணித் தலைவர் நரி கான்ட்ராக்டரின் தலையில் பந்து பட்டது. மேற்கிந்தியத் தீவுகள் அணித் தலைவர் ஃபிராங்க் வொரெல் அவருக்கு ரத்தம் கொடுத்தார். என் அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் வொரெலைப் பெயர் சொல்ல மாட்டார், "அந்த மனுஷன்" என்றுதான் சொல்வார்.

நான் மகளுக்குச் சொன்னது இன்னொன்று. 2010 மே மாதம் பெண்கள் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி இந்த மைதானத்தில் நடந்தது. ஆஸ்திரேலியா நியூசிலாந்தை மூன்று ரன்னில் வென்றது. கடைசிப் பந்தை எலிஸ் பெர்ரி காலால் தடுத்து நிறுத்தினார். அப்போது ஹேலிக்குப் பன்னிரண்டு வயது ஆகி இரண்டு மாதம். அந்த மாதமே, இதே தீவைச் சேர்ந்த டியாண்ட்ரா டாட்டின் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 38 பந்தில் சதம் அடித்திருந்தார். பெண்கள் சர்வதேச டி20இல் யாரும் அடித்திராத முதல் சதம் அது. அந்த வயதுப் பெண்ணுக்கு டிவியில் வருகிற ஆள் பக்கத்து ஊர் அக்காவாக இருந்தால், அது வேறு மாதிரியான தைரியம். நான் வளர்ந்தபோது எனக்குப் பெயர் தெரிந்த ஒரு பெண் கிரிக்கெட் வீராங்கனைகூடக் கிடையாது.

பந்துவீசும் ஒரு முனைக்கு மால்கம் மார்ஷல் பெயர், மறு முனைக்கு ஜோயல் கார்னர் பெயர். நாங்கள் வாசித்த பெயர்ப் பலகை எல்லாமே ஆண்கள் பெயர். மகள் கவனித்துவிட்டுக் கேட்டாள். "வரும்" என்றேன். வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மகள் கைப்பேசியில் அந்தப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டாள்.

மதியம் கடையில் சால்ட்பிரெட் என்கிற ரொட்டிக்குள் மீன் வைத்துத் தந்தார்கள். நாலணாக் காசு கிடைத்த காலத்தில் நான் சப்பிச் சாப்பிட்ட புளி உருண்டை இங்கேயும் இருக்கிறது, சர்க்கரையில் புரட்டிக் கண்ணாடிச் சீசாவில் போட்டு விற்கிறார்கள். ஆறு வாங்கினேன். வீடு வந்து சேரும்போது ஒன்றுதான் மிச்சம்.

மூன்றாம் நாள்

காலையில் கேவ் ஹில். மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழக வளாகத்துக்குள், குன்றின் மேல் த்ரீ டபிள்யூஸ் ஓவல். வொரெல், வீக்ஸ், வால்காட் என்ற இந்தத் தீவின் மூன்று பழைய வீரர்கள் பேரில் உள்ள மைதானம். மூவரும் கென்சிங்டன் ஓவலைச் சுற்றி ஒரு மைல் தூரத்துக்குள், ஒன்றரை ஆண்டு இடைவெளிக்குள் பிறந்தவர்கள். இப்போது மூவரும் இந்தக் குன்றிலேயே அடக்கம். கீழே கடல் நீலமாகத் தெரிகிறது. மைதானத்தில் அன்று ஆட்டம் எதுவும் இல்லை. ஒருவர் மட்டும் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

இந்தத் தீவில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுதிவிடுகிறேன். கென்சிங்டன் ஓவலில் இருந்து இந்தக் குன்றுக்குப் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். எந்த மைதானமும் எந்த வீட்டுக்கும் தொலைவில்லை. நன்றாக ஆடுகிற ஒரு பிள்ளை தேர்வாளர் கண்ணில் படாமல் போவது கஷ்டம். ஹேலி பையன்களோடு ஆடி வளர்ந்தவர். இன்னொரு பக்கம் ஈட்டி எறிதலும். காரிஃப்டா என்கிற கரீபிய இளையோர் தடகளப் போட்டிகளில் பார்படோஸுக்காகப் பதக்கம் வாங்கியிருக்கிறார். அவர் எல்லைக் கோட்டில் இருந்து பந்தை எறிவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோள் எங்கே பழகியது என்று புரியும். 2014 நவம்பரில், பதினாறு வயதில், ஆஸ்திரேலியாவில் ஒருநாள் தொடர் ஆடினார். நான்கு ஆட்டத்தில் மூன்று அரைசதம். பன்னிரண்டு வயதில் பெரியவர்கள் வீசுகிற பந்தைச் சந்தித்தவருக்குப் பதினாறில் பயம் எங்கிருந்து வரும்?

டொராண்டோவில் என் மகள் பையன்கள் அணியில்தான் ஆடுகிறாள். முதல் வருடம் ஒரு பயிற்சியாளர் அவளை ஃபைன் லெக்கில் நிறுத்திவிட்டு மறந்தே போனார். ஓவர் கொடுக்கச் சொல்லி நான் போய்க் கேட்க வேண்டியிருந்தது. கேட்டதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. இன்னும் கேட்பேன்.

மதியம் கடும் வெயில். கடற்கரையில் சர்காஸம் என்கிற பழுப்புக் கடற்பாசி ஒதுங்கி நாற்றம் அடித்தது. அறைக்குத் திரும்பித் தூங்கிவிட்டோம். அன்றைக்கு அவ்வளவுதான்.

நான்காம் நாள்

விடிந்ததில் இருந்து மழை. பாட்டி கீழே சமையலறைக்குக் கூப்பிட்டார். கூ-கூ கிண்டப் போகிறாராம். மக்காச்சோள மாவும் வெண்டைக்காயும். முதலில் வெண்டைக்காயை வேகவைத்து, அந்த வழவழப்பான தண்ணீரில் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தட்டையான மரத் துடுப்பால் விடாமல் கிண்டுகிறார். கட்டி தட்டக் கூடாது. நம் ஊரில் களி கிண்டுவதைப் போலவேதான், கை மாறினால் கெட்டுவிடும். துடுப்பு பாத்திரத்தின் அடியில் உரசுகிற சத்தம்கூட எங்கள் ஆச்சி வீட்டுச் சத்தம்தான். கூடவே பறக்கும் மீன் குழம்பு. இரண்டும் சேர்ந்ததுதான் இந்த நாட்டின் தேசிய உணவு.

கிண்டிக்கொண்டே பாட்டி பேச ஆரம்பித்தார். 2016 ஏப்ரல் 3. பெண்கள் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி கொல்கத்தா ஈடன் கார்டனில். இங்கே அப்போது விடிந்தும் விடியாத நேரம். கோடையில் டொராண்டோவுக்கும் பார்படோஸுக்கும் ஒரே கடிகாரம்தான். அதே இருட்டில் நானும் மூன்று வயதுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொன்னதும் பாட்டி துடுப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். எங்கோ இரண்டு ஊரில், ஒரே நேரத்தில், இரண்டு பெண்கள் தூங்காமல் இருந்திருக்கிறோம்.

ஆஸ்திரேலியா தொடர்ந்து மூன்று முறை கோப்பை வாங்கிய அணி. 149 ரன் இலக்கு. பதினெட்டு வயது ஹேலியும் அணித் தலைவர் ஸ்டெஃபனி டெய்லரும் முதல் விக்கெட்டுக்கு 120 ரன் சேர்த்தார்கள். ஹேலி 45 பந்தில் 66. ஆட்ட நாயகியும் அவர்தான். அன்றைக்கே அதே மைதானத்தில் கார்லோஸ் பிராத்வைட் கடைசி ஓவரில் நான்கு சிக்ஸர் அடித்து ஆண்கள் அணியும் வென்றது. அவரும் இந்தத் தீவுக்காரர். உலகம் அந்த நான்கு சிக்ஸரைத்தான் பேசியது. பாட்டியோ, "எனக்கு அன்னைக்குக் காலையிலேயே திருப்தி ஆகிடுச்சு" என்றார்.

அப்புறம் பாட்டி உள்ளே போய் ஒரு கொடியை எடுத்து வந்தார். இரண்டு ஓரமும் நீலம், நடுவில் மஞ்சள், அதில் முறிந்த திரிசூலம். இதை விளக்கியாக வேண்டும். மேற்கிந்தியத் தீவுகள் என்று ஒரு நாடு கிடையாது. பார்படோஸ், ஜமைக்கா, கயானா, டிரினிடாட் என்று தனித்தனி நாடுகள், கிரிக்கெட்டுக்கு மட்டும் ஒன்றாகச் சேர்கின்றன. காமன்வெல்த் விளையாட்டில் அந்தக் கூட்டணிக்கு இடமில்லை, ஒவ்வொரு நாடும் தன் பேரில்தான் வர முடியும். 2022இல் பர்மிங்காமில் முதன்முறையாகப் பெண்கள் கிரிக்கெட்டைச் சேர்த்தபோது, கரீபியனுக்கு ஒரே ஓர் இடம். தகுதிப் போட்டியைக் கொரோனாவால் நடத்த முடியவில்லை. 2020இல் வட்டார டி20 கோப்பையை வென்றிருந்த பார்படோஸுக்கு அந்த இடம் கிடைத்தது. அப்படித்தான் 2.8 லட்சம் பேர் உள்ள தீவு, தன் பேரில், தன் கொடியோடு, ஹேலியைத் தலைவராக வைத்துக்கொண்டு சர்வதேச ஆட்டத்துக்கு இறங்கியது.

ஜூலை 29, வெள்ளிக்கிழமை, இங்கே மதியம் ஒரு மணி. எதிரே பாகிஸ்தான். ஒரு தீவு, ஒரு முழு நாட்டை எதிர்த்து. கைசியா நைட் ஆட்டமிழக்காமல் 62, ஹேலி 51. மொத்தம் 144. பாகிஸ்தான் 129இல் நின்றது. பதினைந்து ரன் வித்தியாசத்தில் பார்படோஸ் வென்றது. பாட்டி இந்தக் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போயிருக்கிறார். எதிர்வீட்டுக்காரரும் அதே நேரம் வாசலுக்கு வந்திருக்கிறார். அடுத்து ஆஸ்திரேலியாவிடம் 64க்கு ஆல் அவுட், இந்தியாவிடம் நூறு ரன்னில் தோல்வி. "அதனால என்ன? அந்த வெள்ளிக்கிழமை எங்களோடது" என்றார். இந்திய ஆட்டத்தில் நான் ரேணுகா சிங்குக்காகக் கத்தியதை அவரிடம் சொன்னேன். பரவாயில்லை, நன்றாகத்தான் போட்டாள் என்று சிரித்தார்.

பேச்சு லாகூருக்கு வந்தபோது பாட்டியின் குரல் இறங்கியது. 2025 ஏப்ரலில் அங்கே நடந்த ஒருநாள் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. முதல் ஆட்டம் ஸ்காட்லாந்தோடு. ஹேலி நான்கு விக்கெட் எடுத்தார். பிறகு 245 இலக்கைத் துரத்தும்போது தசைப்பிடிப்பு. ஸ்ட்ரெச்சரில் வெளியே தூக்கிப் போனார்கள். விக்கெட்டுகள் விழுந்தன. அவர் திரும்பி வந்தார். 113 பந்தில் 114, ஆட்டமிழக்காமல். அணி பதினோரு ரன்னில் தோற்றது. கடைசி ஆட்டத்தில் தாய்லாந்தின் 166ஐப் பத்தே ஓவர் சொச்சத்தில் துரத்தியாக வேண்டிய நிலை. ஹேலி 29 பந்தில் 70 அடித்தார். 10.5 ஓவரில் ஜெயித்தார்கள், ஆனால் போதவில்லை. புள்ளிகள் சமமானால் பார்க்கிற நெட் ரன்ரேட்டில் வங்கதேசம் 0.639, மேற்கிந்தியத் தீவுகள் 0.626. 2025 செப்டம்பரில் இந்தியாவிலும் இலங்கையிலும் உலகக் கோப்பை தொடங்கியபோது ஹேலி அதில் இல்லை.

இது எனக்கு இன்னும் ஆறவில்லை. 2023 அக்டோபரில் வடக்கு சிட்னியில் ஆஸ்திரேலியாவின் 212ஐத் துரத்தி 64 பந்தில் 132 அடித்தவர் அவர். பெண்கள் சர்வதேச டி20இல் அதுவரை அவ்வளவு பெரிய இலக்கை யாரும் துரத்திப் பிடித்ததில்லை. அப்படிப்பட்டவர் பந்தும் போட வேண்டும், முதலில் இறங்கி அடிக்கவும் வேண்டும், தலைமையும் தாங்க வேண்டும், கடைசியில் ஸ்ட்ரெச்சரில் இருந்து இறங்கியும் வர வேண்டும். சின்னத் தீவில் திறமை சீக்கிரம் கண்ணில் படும் என்று நேற்று எழுதினேன். அங்கே தோள் கொடுக்க ஆட்கள் குறைவு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இன்னும் நாலு ஹேலிகளுக்குப் பணமும் பயிற்சியும் முறையாகப் போனால் ஒருத்தியின் முதுகில் இத்தனை பாரம் ஏறாது.

மகள் கொடியை மடித்துத் தரும்போது, திரிசூலத்துக்கு ஏன் காம்பு இல்லை என்று கேட்டாள். பழைய ஆட்சியை முறித்துக்கொண்டதற்கு அடையாளம் என்றார் பாட்டி. கூ-கூ நன்றாக வந்திருந்தது. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டோம்.

ஐந்தாம் நாள்

மழை விட்டிருந்தது. சாயங்காலம் கடல் உள்வாங்கிய நேரத்தில் கரைக்குப் போனோம். தண்ணீர் இறங்கிய மணல் சிமெண்ட் தரை மாதிரி கெட்டியாக இருந்தது. அதில் ஏழெட்டுப் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் பையன்கள், ஒன்பது பத்து வயதில் ஒரு பெண், மீன் வியாபாரம் முடித்து வந்த ஒரு பெரியவர். ஸ்டம்புக்கு ஒரு பிளாஸ்டிக் கூடை. டென்னிஸ் பந்தில் பாதிக்கு மட்டும் கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். ஒட்டாத பாதியில் பஞ்சு நனைந்து கனத்திருந்தது. எங்கள் தெருவில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுவோம்.

மகள் ஓரமாக நின்று பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. நாலு பந்து கழித்து ஒரு பையன் பந்தை அவள் பக்கம் தூக்கிப் போட்டு, "போடுவியா?" என்றான். வயது கேட்கவில்லை, ஆடத் தெரியுமா என்றும் கேட்கவில்லை.

முதல் பந்து வழுக்கிக்கொண்டு வெளியே போனது. இரண்டாவதை அந்தப் பெரியவர் முட்டி போட்டு அடித்தார். மூன்றாவதில் டேப் பக்கம் மணலில் பட்டதோ என்னவோ, உள்ளே திரும்பிக் கூடையின் விளிம்பில் பட்டது. ஒரு கூச்சல். அந்தச் சின்னப் பெண் ஓடிவந்து என் மகளின் கையைத் தட்டினாள். பெரியவர் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஹேலி மாதிரி போடுறா" என்றார். மகள் முகத்தை நான் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, அது அவளுடையது.

பெரியவர் நேராக என்னிடம் வந்து மட்டையை நீட்டினார். அடுத்த ஆள் இல்லை, நீங்கள்தான் என்றார். பிடியில் ரப்பர் உரிந்து சணல் கயிறு தெரிந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புடவை கட்டியிருந்தால் எப்படி நின்றிருப்பேன் என்று யோசித்தபடி, கூடைக்கு முன்னால் கோடு போட்டு நின்றேன். பந்து போட்டது என் மகள். முப்பது வருஷம் கழித்தும் கை லெக் சைடுக்குத்தான் போனது. பந்து அலைக்கு மேலே பறந்து, தொலைவில் போய்த் தண்ணீரில் விழுந்தது.

"தண்ணியில நேரா விழுந்தா அவுட்டும்மா!" என்று மகள் தமிழில் கத்தினாள். இந்தக் கரையின் சட்டத்தை எப்போது கற்றுக்கொண்டாளோ தெரியவில்லை. மட்டையை அந்தச் சின்னப் பெண்ணிடம் கொடுத்தேன். அலை பந்தைத் திருப்பிக் கொண்டுவந்து போடும்வரை எல்லோரும் கணுக்கால் தண்ணீரில் காத்து நின்றோம்.